ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ்: கனெக்டர் பச்சையாகிறது, ஆனால் ரோவர் பேட்டரி ஏறாமல் இறங்குகிறது

கல்லுருட்டி:

வணக்கம் மக்களே. ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் விளையாட்டில் பூமி மாதிரி கிரகத்தில் சர்வைவல் ஆடுகிறேன், மோட் எதுவும் கிடையாது. பேஸ் ஓரளவுக்கு நிமிர்ந்துவிட்டது: காற்றாலை இரண்டு, சோலார் பேனல் ஒன்று, பெரிய பேட்டரி ஒன்று, தாதுவை உருக்கும் ரீஃபைனரி, பாகங்கள் செய்யும் அசெம்ப்ளர். வெளியே சுற்ற ஒரு ரோவர் கட்டியிருக்கிறேன், அதில் சின்ன கிரிட்டுக்கான (பிளாக்குகள் ஒட்டி ஆன ஒரு கட்டுமானம்தான் கிரிட், என் ரோவர் சின்னது, பேஸ் பெரியது) பெரிய பேட்டரி ஒன்று இருக்கிறது, 1 மெகாவாட் அவர் கொள்ளளவு உள்ளது.

பிரச்சினை என்னவென்றால், ரோவரைக் கொண்டுவந்து பேஸ் கனெக்டரில் (இரண்டு கிரிட்டைப் பூட்டி இணைக்கும் பிளாக்) சேர்த்து, பூட்டும் விசையான பி அழுத்தினால் மஞ்சள் போய் பச்சை வருகிறது, பிளாக்குகளைக் கட்டுப்படுத்தும் டெர்மினல் திரையைத் திறந்தால் பேஸில் உள்ள எல்லா பிளாக்கும் ரோவர் பட்டியலோடு சேர்ந்து தெரிகிறது, ஆக இணைப்பில் கோளாறு இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் ரோவர் பேட்டரி நிறுத்தியபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது! சார்ஜ் போட நிறுத்திய வண்டியில் சார்ஜ் இறங்குவது எந்த ஊர் நியாயம்?

கனெக்டருக்குப் பின்னால் கன்வேயர் குழாய் எதுவும் போடவில்லை. அதுதான் காரணமா? இன்னும் இரண்டு சின்ன வண்டிகள், பறந்து போய் தாது தோண்ட ஒன்று, வெல்டிங்குக்கு ஒன்று கட்டப்போகிறேன். மூன்றையும் ஒரே இடத்தில் சார்ஜ் போட எப்படி அமைப்பது என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மெகாவாட்_மணி:

குழாய்க்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை, முதலில் அதை விட்டுவிடுங்கள். இந்த விளையாட்டில் ஒரு கிரிட்டில் ஒட்டியிருக்கும் எல்லா பிளாக்குக்கும் மின்சாரம் தானாகப் போகும், வெறும் ஆர்மர் பிளாக் வழியாகக்கூட. கன்வேயர் என்பது சரக்கு போகத்தான். கனெக்டர் பூட்டியவுடன் இரண்டு கிரிட்டின் மின்சாரமும் ஒன்றாகிவிடும். உங்கள் வண்டி "இறங்குவதற்கு" அதுதான் காரணம்.

ரோவர் பேட்டரி ஆட்டோவில் இருக்கிறது, சரிதானே? ஆட்டோ என்றால் மின்சாரம் மிச்சம் இருந்தால் வாங்கிக்கொள்ளும், பற்றாக்குறை வந்தால் கொடுக்கும். இப்போது உங்கள் பேஸின் கணக்கைப் பாருங்கள். காற்றாலை ஒன்று அதிகபட்சம் 400 கிலோவாட், இரண்டுக்கும் 800. பெரிய கிரிட் சோலார் பேனல் சூரியனை நேராகப் பார்த்தால் 160. எல்லாம் உச்சத்தில் ஓடினாலும் 960 கிலோவாட்தான். ரீஃபைனரி வேலை செய்யும்போது 560, அசெம்ப்ளரும் 560, ஆக 1120. பட்டப்பகலில், காற்றாலை நல்ல இடத்தில் இருந்தால்கூட 160 கிலோவாட் துண்டு விழுகிறது. ராத்திரி சோலார் போய்விட்டால் 320. அந்தத் துண்டை உங்கள் பேஸ் பேட்டரியும் ரோவர் பேட்டரியும் சேர்ந்து கொடுக்கின்றன. அதாவது நீங்கள் ரோவரை சார்ஜ் போடவில்லை, பேஸுக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து மாட்டியிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டி பூட்டியதும் டெர்மினலில் ரோவர் பேட்டரியை எடுத்து ஆட்டோவிலிருந்து ரீசார்ஜுக்கு மாற்றுங்கள். அந்த நிலையில் பேட்டரி வாங்க மட்டும்தான் செய்யும், ஒரு வாட்கூட வெளியே விடாது. பேஸ் பேட்டரியை ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள், அதிலிருந்து ரோவருக்குப் போகும். வலப்பக்கத்து விவரத்தில் கரண்ட் இன்புட் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 4 மெகாவாட் என்று வந்தால் முழு வேகத்தில் ஏறுகிறது என்று பொருள். பத்து இருபது கிலோவாட் என்று நொண்டினால் பேஸில் கொடுக்க மின்சாரம் இல்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பேட்டரி மின்சாரம் வாங்கும்போது 20 சதவீதம் வீணாகும், உள்ளே சேர்வது 80தான். அந்த நஷ்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய கிரிட் பேட்டரி (3 மெகாவாட் அவர், 12 மெகாவாட் வேகம்), உங்கள் ரோவர் பேட்டரி (1 மெகாவாட் அவர், 4 மெகாவாட்), அந்தக் குட்டிப் பேட்டரி (50 கிலோவாட் அவர், 200 கிலோவாட்) மூன்றுமே காலியிலிருந்து நிறைய ஏறக்குறைய 19 நிமிடம்தான் எடுக்கும். எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள், விகிதம் ஒன்றே. அதனால் உங்கள் வண்டி 20 நிமிடத்துக்கு மேல் நின்றும் நிறையவில்லை என்றால் வண்டியைத் திட்டாதீர்கள், பேஸில் மின்சாரம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கை_உடைந்தது:

மணி சொன்னது சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். "ரீசார்ஜுக்கு மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த வாரம் இதே ஆள் "என் வண்டி ஏன் வானத்திலிருந்து விழுந்தது" என்று இன்னொரு திரி ஆரம்பிப்பார்.

ரோவர் என்றால் பரவாயில்லை, கனெக்டரை விட்டதும் உயிர் போய் அங்கேயே நிற்கும், நீங்கள் கே அழுத்தி டெர்மினலைத் திறந்து பேட்டரியை ஆட்டோவுக்கு மாற்றினால் மறுபடி ஓடும். பறக்கும் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. எல்லா பேட்டரியும் ரீசார்ஜில் இருக்கும்போது பி அழுத்தி விட்டால், வண்டியைத் தூக்கிப் பறக்க வைக்கும் த்ரஸ்டருக்கு மின்சாரம் ஏது? மேலே ஒரு தூணின் பக்கவாட்டில் கனெக்டர் வைத்திருந்தீர்கள் என்றால், பட்டியலில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் தரை வந்துவிடும்.

அதனால் என் விதி இது: பறக்கும் எந்த வண்டியிலும் பேட்டரி குறைந்தது இரண்டு. ஒன்று எப்போதும் ஆட்டோ, அதன் மேல் கை வைக்கவே கூடாது. மற்றதை எல்லாம் ஒரு குரூப்பாகச் சேர்த்து, அந்த குரூப்பை மட்டும் காக்பிட் டூல்பாரில் இழுத்துப் போட்டு ரீசார்ஜ் போட்டு எடுக்கலாம். ஆட்டோவில் இருக்கும் அந்த ஒன்றை ராத்திரியில் பேஸ் கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்யும். செய்யட்டும். இடம் போதாத குட்டி வண்டி என்றால் அந்த 50 கிலோவாட் அவர் பேட்டரியை ஒரு மூலையில் செருகி அதையே ஆட்டோவாக வையுங்கள். ஆனால் அது 200 கிலோவாட்தான் தரும், த்ரஸ்டரைத் தாங்காது, டூல்பார் வேலை செய்யும் அளவுக்கு உயிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவே.

கையால் மாற்றுவது அலுப்பு என்றால் ஈவண்ட் கன்ட்ரோலர் போடுங்கள், ஒரு நிகழ்வு நடந்ததும் நீங்கள் சொன்ன செயலைத் தானாகச் செய்யும் பிளாக் அது. 2023 ஏப்ரலில் வந்த ஆட்டோமேட்டன்ஸ் அப்டேட்டில் சேர்த்தார்கள், அதற்கு முன்னால் டைமர் பிளாக்கை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. அதில் "கனெக்டர் கனெக்டெட்" நிகழ்வைத் தேர்ந்தெடுத்து, வண்டியின் கனெக்டரைச் சேர்த்து, முதல் கட்டத்தில் குரூப்பை ரீசார்ஜ் ஆக்கும் செயலையும் இரண்டாவது கட்டத்தில் ஆட்டோ ஆக்கும் செயலையும் போட வேண்டும். பூட்டினால் முதலாவது ஓடும், விட்டால் இரண்டாவது ஓடும். இங்கேயும் அதே பேச்சுதான்: எல்லா பேட்டரியையும் குரூப்பில் போட்டிருந்தால், விட்ட அந்த நொடியில் ஈவண்ட் கன்ட்ரோலருக்கே மின்சாரம் இருக்காது. தன்னை எழுப்ப வேண்டியதே தூங்கிவிட்டால் யார் எழுப்புவது? அதனால்தான் ஒன்றை வெளியே வையுங்கள் என்கிறேன்.

கல்லுருட்டி:

அடடா, ஜெனரேட்டர் கதை இதுதானா! ரீசார்ஜில் போட்டேன், இன்புட் நேராக 4 மெகாவாட்டுக்கு ஏறியது, ரோவர் நிறைந்துவிட்டது. ஆனால் பேஸ் பேட்டரி பரிதாபமாக அடியில் கிடக்கிறது, ராத்திரி வந்ததும் ரீஃபைனரி திணறுகிறது. ஒரு ரோவருக்கே இப்படி என்றால் மூன்று வண்டிக்கு என்ன செய்வது? காற்றாலையை இன்னும் நட்டுக்கொண்டே போகவா?

அப்புறம் குழாய் வேண்டாம் என்று நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு ஒரு கனெக்டருக்குக் குழாய் போட்டுவிட்டேன். ரோவர் பெட்டியில் வெளிப் பயணத்துக்கு வைத்திருந்த ஐஸ் எல்லாம் காணோம். இதுவும் ஆட்டோ கோளாறா?

மெகாவாட்_மணி:

ஐஸை உங்கள் பேஸின் ஆக்சிஜன் ஹைட்ரஜன் ஜெனரேட்டர் சாப்பிட்டிருக்கும். குழாய் இணைந்தால் பேஸில் உள்ள இயந்திரங்கள் வண்டியின் பெட்டியையும் தன் பெட்டி மாதிரியே நினைத்துக்கொள்ளும், ரீஃபைனரி தாதுவை இழுக்கும், ஜெனரேட்டர் ஐஸை இழுக்கும். தாது வண்டிக்கு அது வரப்பிரசாதம், மற்ற வண்டிக்கு இம்சை. என்னைக் கேட்டால் தாது இறக்க ஒரு கனெக்டர், அதற்குக் குழாய். சார்ஜுக்கு என்று தனியாக இரண்டு மூன்று கனெக்டர், அவற்றுக்குக் குழாய் கிடையாது, பேஸோடு பிளாக்கால் ஒட்டியிருந்தால் போதும். சார்ட்டர் வைத்து வடிகட்டலாம்தான், ஆனால் குழாயே போடாமல் விடுவது அதைவிடச் சுலபம்.

"ஒட்டியிருந்தால்" என்று சொன்னதைக் கவனியுங்கள். சார்ஜ் மேடையைப் பேஸிலிருந்து தள்ளித் தரையில் புதிதாக ஆரம்பித்தால் அது வேறு கிரிட். பக்கத்தில் பார்க்க ஒன்றாகத் தெரியும், மின்சாரம் வராது. பேஸிலிருந்தே பிளாக் பிளாக்காக நீட்டிக்கொண்டு போய்க் கட்டுங்கள்.

இப்போது மூன்று வண்டிக் கணக்கு. மூன்றிலும் உங்கள் ரோவர் மாதிரி ஒரு பேட்டரி என்று வையுங்கள், மூன்றும் 30 சதவீதத்தில் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 0.7 மெகாவாட் அவர் குறைகிறது, 20 சதவீத நஷ்டத்தோடு பேஸ் கொடுக்க வேண்டியது 0.875. மூன்றுக்கும் 2.6 சொச்சம். நிறைந்த ஒரு பெரிய பேட்டரியில் 3 இருக்கிறது. வேகமும் மூன்று நான்கு பன்னிரண்டு, பெரிய பேட்டரி தரக்கூடிய 12 மெகாவாட்டும் அதுவே. ஆக ஒரே ஒரு பெரிய பேட்டரி, நிறைந்திருந்தால், மூன்று வண்டியையும் ஒரே நேரத்தில் கால் மணிக்குள் தூக்கிவிடும். கேள்வி அந்த ஒன்று அப்புறம் எப்போது நிறையும் என்பதுதான், ஏனென்றால் உங்கள் பேஸில் மிச்சமே கிடையாது.

காற்றாலையிலிருந்து நேராக ஏற்றலாமே என்று நினைக்காதீர்கள். 400 கிலோவாட் முழுதாக ரோவருக்கே போனாலும் அந்த 0.875ஐக் கொடுக்க 2 மணி 11 நிமிடம் ஆகும். விளையாட்டில் ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்தே 2 மணி நேரம்தான், நீங்கள் அமைப்பை மாற்றாத வரை. நீங்கள் வெளியே சுற்றும் நேரத்தில் பேஸ் பேட்டரி மெல்லச் சேர்த்து வைக்க வேண்டும், திரும்பி வந்ததும் மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் பெரிய பேட்டரியை இரண்டாக்குங்கள், காற்றாலையை ஐந்தாறு ஆக்குங்கள். இப்படிப் பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு மாற்றும்போது இரண்டு தடவை 20 சதவீதம் போகிறது, காற்றாலையிலிருந்து கிளம்பும் 1 மெகாவாட் அவரில் வண்டிக்குச் சேர்வது 0.64தான். காற்று இலவசம், போனால் போகட்டும்.

காற்றாலைகளை நெருக்கி நட்டால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும், உயரமான தூணில் தள்ளித் தள்ளி வையுங்கள். அப்புறம் சும்மா நிற்கும்போது அசெம்ப்ளரும் ரீஃபைனரியும் 560 எடுக்காது, வேலை இருந்தால்தான். வண்டிகள் நிற்கும் அந்தக் கால் மணி நேரம் ரீஃபைனரியை அணைத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

க்ளாங்_பக்தன்:

காற்றாலை ஆறு நடுவதற்குப் பதில் ஹைட்ரஜன் இன்ஜின் ஒன்று போட்டால் முடிந்தது. பெரிய கிரிட்டுக்கானது 5 மெகாவாட் தரும், பன்னிரண்டு காற்றாலைக்குச் சமம். ஐஸ் பக்கத்தில் ஏரியில் இருந்தால் எதற்கு யோசனை?

மெகாவாட்_மணி:

ஐஸ் தோண்டப் போகும் வண்டிக்கு சார்ஜ் போட ஐஸை எரிப்பதா? அவசரத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், அதை நம்பிப் பேஸை ஓட்டச் சொல்ல மாட்டேன். ரியாக்டர் யோசனையும் யாராவது கொண்டு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், இந்தக் கிரகத்தில் யுரேனியம் கிடையாது, விண்வெளிக்குப் போனால்தான்.

க்ளாங்_பக்தன்:

சரி சரி, ஏரி எனக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் எனக்கு ஒத்துவருகிறது. நான் உள்ளே வந்தது உண்மையில் வேறு விஷயத்துக்கு. ரோவரைக் கனெக்டரில் சேர்ப்பதுதான் மின்சாரத்தைவிடப் பெரிய தலைவலி, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பாரம் ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கும், காலியாக வந்தபோது சரியாக நின்ற உயரம் நிறைய சரக்கோடு வந்தால் கீழே போய்விடும். பக்கவாட்டுக் கனெக்டர் அதனாலேயே ரோவருக்கு ஆகாது.

நான் செய்வது இப்படி. ரோவரின் வயிற்றில், நடுவில், கீழே பார்த்தபடி கனெக்டர். பேஸ் தரையில் மேலே பார்த்தபடி இன்னொன்று, தரை மட்டத்துக்குச் சமமாகப் புதைத்து வைக்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் சக்கரம் ஏறி வண்டி குடைசாயும். மேலே வந்து நிறுத்தி, சக்கரங்களின் ஹைட் ஆஃப்செட்டை டூல்பாரிலிருந்து மாற்றி வண்டியை மெல்ல உட்கார வைத்தால் மஞ்சள் வந்துவிடும், அப்போது பி. வண்டி எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் பூட்டும், முகத்துக்கு முகம் சேர்ந்தால் போதும், அதனால் கோணத்துக்காகப் பத்து தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டாம். காந்த இழுப்பு முரட்டுத்தனமாக இருந்தால் கனெக்டரின் ஸ்ட்ரெங்த் ஸ்லைடரைக் குறையுங்கள்.

பிஸ்டன் நுனியில் கனெக்டர் வைத்து வண்டியைத் தேடி வர வைப்பவர்களும் உண்டு, பார்க்க அழகு. ஆனால் பிஸ்டன், சஸ்பென்ஷன், பூட்டிய கனெக்டர் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வண்டி நடுங்க ஆரம்பிக்கும், அந்த நடுக்கம் எங்கே போய் முடியும் என்று என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் (விளையாட்டின் இயற்பியல் குழம்பி வண்டி நடுங்கி வெடிப்பதைத்தான் 'க்ளாங்' சாமியின் கோபம் என்பார்கள்). போடுவதென்றால் பிஸ்டன் வேகத்தை நன்றாகக் குறைத்து, தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, சின்ன கிரிட்டில் எஜெக்டர் என்று ஒரு குட்டி பிளாக் இருக்கிறது, கனெக்டரின் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் சரக்கைத் துப்ப மட்டும்தான் தெரியும், எதோடும் பூட்டாது. லேண்டிங் கியரும் அப்படியே, பிடித்துக்கொள்ளும், மின்சாரம் கடத்தாது. மெர்ஜ் பிளாக்கும் இங்கே உதவாது, சின்ன கிரிட்டைப் பெரிய கிரிட்டோடு சேர்க்க அதனால் முடியாது.

கல்லுருட்டி:

வயிற்றில் கனெக்டர் யோசனை பிரமாதம், மாற்றிவிட்டேன், முதல் தடவையிலேயே மஞ்சள் வந்தது. பேட்டரி இரண்டாக்கியாயிற்று, காற்றாலை நடுவதற்கு இரும்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: தோண்டும் வண்டியில் ஹைட்ரஜன் த்ரஸ்டரும் வைக்கலாம் என்றிருக்கிறேன். அதன் தொட்டியும் இதே மாதிரி பேஸுக்குத் திரும்பக் கொடுத்துவிடுமா?

இறக்கை_உடைந்தது:

கொடுக்கும். ஹைட்ரஜன் குழாய் வழியாகத்தான் போகும் என்பதால் அந்த வண்டிக்கு மட்டும் தாது இறக்கும் கனெக்டரைப் பயன்படுத்துங்கள். பேட்டரிக்கு ரீசார்ஜ் எப்படியோ தொட்டிக்கு ஸ்டாக்பைல் அப்படி, அதைப் போட்டால் வாங்க மட்டும் செய்யும். ஈவண்ட் கன்ட்ரோலர் வைத்திருக்கிறீர்கள் என்றால் தொட்டிக்கு இன்னொன்று வைத்து அதே நிகழ்வில் ஸ்டாக்பைலையும் சேர்த்துவிடுங்கள். கையால் செய்வதானால் கிளம்பும் முன் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி 100 சதவீதம் என்று காட்டும், த்ரஸ்டர் ஒன்றுகூட எரியாது.